ஜூன் மாதத்து முதல் இரண்டு வாரம்

கேள்வி: வணக்கம் டீச்சர். நாங்கள் ராமேஸ்வரத்தை ஒட்டிய தங்கச்சிமடம் பக்கம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மகன் ஏழாவது, மகள் நாலாவது, இரண்டு பேரும் உள்ளூர் அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். போன கூட்டத்தில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. மழைக்கு விட்ட லீவையெல்லாம் ஈடுகட்ட வரிசையாகச் சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள், பிள்ளைகளை அனுப்ப முடியவில்லை என்று சொன்னோம். நவம்பர் முழுக்க லீவு விட்டுவிட்டு, அந்த நாட்களை மே மாதத்தில் நடத்துங்கள் என்று சிலர் கேட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்கு அப்புறம் பள்ளி திறந்தால் போதும் என்று வேறு சிலர் சொன்னார்கள். அதற்கு ஒரு சார், "திறந்திருக்கிற நாளிலேயே நீங்கள் பிள்ளைகளை அனுப்புவதில்லை, தேதியை மாற்றி என்ன ஆகப்போகிறது" என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இனி கூட்டத்துக்கே வர மாட்டோம் என்கிறார்கள். ஊருக்குத் தகுந்த மாதிரி பள்ளி நாட்காட்டியை மாற்ற வழி இருக்கிறதா? யார் பக்கம் நியாயம்? இன்னொன்று, தடை முடிந்ததும் அப்பாவோடு கடலுக்குப் போவேன் என்று மகன் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்த சார் சொன்ன வார்த்தை உங்களை எப்படிச் சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையோரப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். அதே வார்த்தையை ஒரு கூட்டத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். பின் வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "எந்த எந்த நாள் அனுப்பலைன்னு சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. வருகைப் பதிவேடு மேஜையில்தான் இருந்தது. தினமும் அதில் கையெழுத்துப் போடுகிறவள், ஒரு நாள்கூட அதை அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். பதிவேட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாற்ற வழி இருக்கிறதா என்றால், சட்டத்தில் இருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று, பள்ளியின் கல்வி நாட்காட்டியை முடிவு செய்வது. நடைமுறை வேறு. நம் மாநிலத்தில் பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் ஒரே நாட்காட்டிதான் மலையில் இருக்கும் கூடலூருக்கும் கடலோரத் தங்கச்சிமடத்துக்கும். அதே சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் குறைந்தபட்சம் பள்ளி நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த எண்ணைச் சுற்றித்தான் எல்லாச் சண்டையும். 2024-25-க்கு முதலில் 220 நாள் என்று வந்த நாட்காட்டி, ஆசிரியர்கள் எதிர்த்த பிறகு 210 ஆனது நினைவிருக்கும்.

ஊருக்கு ஒரு நாட்காட்டி என்று கேட்பது அதிகப்படியான ஆசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜம்மு காஷ்மீரில் கோடை மண்டலம், குளிர் மண்டலம் என்று பள்ளிகளைப் பிரித்து வெவ்வேறு மாதங்களில் விடுமுறை விடுகிறார்கள். இமாச்சலத்திலும் பனி விழும் ஊருக்கு ஒரு கணக்கு, சமவெளிக்கு ஒரு கணக்கு. கேரளத்தில் 2025-ல் கல்வி அமைச்சரே, ஏப்ரல் மே விடுமுறையை மழை பெய்யும் ஜூன் ஜூலைக்கு மாற்றலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டார். ஆகவே உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் அவர்கள் சொன்ன இரண்டு மாற்றத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நவம்பரை மொத்தமாக விடுவது பற்றி. கேரளத்து மழை ஓரளவு தேதி பார்த்து வரும். நம் வாடை மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, அப்படி இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, நீங்கள் வீட்டுக்குள் தண்ணீரை இறைத்திருப்பீர்கள். 2020-ல் புரெவி புயல் நம் பக்கம் வந்து நின்றது டிசம்பர் முதல் வாரத்தில். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 இரவில். நவம்பரை விட்டாலும் டிசம்பரில் லீவு விடாமல் இருக்க முடியாது. சில வருஷம் நவம்பரில் பத்து நாள்கூட மழை இருக்காது. அந்த வெயில் நாட்களில் பள்ளி பூட்டிக் கிடக்கும்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. வாடைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதி டோக்கன் கிடையாது, கடலுக்குப் போக முடியாது, வீட்டில் காசு புழங்காது. கூரை ஒழுகும். அந்த மாதத்தில் காய்ந்த தரையும் மதியம் சூடான சாப்பாடும் கிடைக்கிற இடம் பள்ளிதான். ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது காலை உணவும் இருக்கிறது. உங்கள் மகள் அந்த வயதில்தானே இருக்கிறாள். மழை கொட்டுகிற நாளில் ஆட்சியர் லீவு விடட்டும், மழை இல்லாத நாளில் பள்ளி திறந்திருக்கட்டும்.

மே மாதத்தில் பள்ளி நடத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊரில், நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்த முடியாது. இதில் ஆசிரியர்கள் சொல்வது முழுக்கச் சரி.

இனி ஜூன். இதைத்தான் நான் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன்.

நம் கரையில் தடைக்காலம் முன்பு 45 நாள்தான், ஏப்ரல் 15-ல் தொடங்கி மே 29-ல் முடியும். படகெல்லாம் கடலுக்குப் போன பிறகுதான் பள்ளி திறக்கும். ஜூன் முதல் வாரம் பிள்ளையைச் சேர்க்க வருவது அம்மா, இல்லையென்றால் பாட்டி. அப்பா யார் என்றே நான் பார்த்திராத எத்தனையோ பிள்ளைகள் என் வகுப்பில் படித்துப் போயிருக்கிறார்கள். 2017-ல் தடை 61 நாளாகி ஜூன் 14 வரை நீண்டது. தொழிலுக்கு அது கஷ்டம், எனக்குத் தெரியும். தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் மண்டபம் மாநாட்டில் அறிவித்தார்கள். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கு அந்த நீட்டிப்பால் ஒரு நல்லது நடந்தது. பள்ளியும் திறந்திருக்க, அப்பாவும் கரையில் இருக்கிற இரண்டு வாரம் கிடைத்தது. வருஷத்தில் வேறு எப்போதும் கிடைக்காத இரண்டு வாரம் அது.

உங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிறபடி ஜூன் 15-க்கு அப்புறம் திறந்தால், அந்த இரண்டு வாரமும் போய்விடும். 2023-ல் வெயிலுக்காகத் திறப்பைத் தள்ளிவைத்தபோது ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குப் பள்ளி திறந்தது ஜூன் 14 அன்று. சரியாகத் தடை முடிகிற நாள். அன்று எந்த அப்பாவுக்குப் பள்ளிக்கு வர நேரம் இருந்திருக்கும்? ஐஸ் ஏற்றுவதா, டீசல் போடுவதா, வலையை ஏற்றுவதா என்று படகு கட்டும் ஜெட்டியே பரபரத்துக் கிடக்கும் நாள் அது.

தடை முடிந்து முதல் பாடு, அதாவது முதல் மீன்வரத்து, வருகிற நாளும் உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் ஓய்ந்த கடல், இறால் கூடை கூடையாக வரும். இறக்க ஆள் வேண்டும், தரம் பிரிக்க ஆள் வேண்டும், ஐஸ் உடைக்க ஆள் வேண்டும். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையனின் கைக்கும் அன்று கூலி உண்டு. ஒரு வருஷம் ஜூன் கடைசியில் என் வகுப்புப் பையன் ஒருவன் ஐந்து நாள் கழித்து வந்தான். எழுதச் சொன்னேன். பேனாவை எடுப்பான், வைப்பான். கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, தோல் சுருங்கி, இறால் தலையின் முள் குத்திய இடங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். பேனா அந்தப் புள்ளியில் படும்போதெல்லாம் வலித்திருக்கிறது. "எவ்வளவு கொடுத்தாங்க?" என்று கேட்டேன். சொன்னான். அதில் பாதியை அம்மாவிடம் கொடுத்ததாகச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். ஆகஸ்டுக்குள் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

அவனை நிறுத்தியது கடலும் இல்லை, அவன் அப்பாவும் இல்லை. ஐந்து நாள் வராததால் கணக்கில் பின்தங்கினான். பின்தங்கியதால் வகுப்பில் உட்காரக் கூசினான். கூசியதால் அடுத்த வாரமும் ஜெட்டிக்குப் போனான். அந்த முதல் ஐந்து நாளுக்கு முன்னால் அவன் அப்பாவோடு ஒரு பத்து நிமிஷம் நான் பேசியிருக்க வேண்டும். அவர் யார் என்றே எனக்கு அப்போது தெரியாது.

அதற்கப்புறம்தான் பதிவேட்டை எடுத்தேன். ஒரு சார்ட் அட்டையில் ஜூன் முதல் ஏப்ரல் வரை கட்டம் போட்டு, வகுப்புவாரியாக ஒவ்வொரு வாரமும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் எழுதினோம். யார் பெயரும் இல்லை. நானும் இன்னொரு டீச்சரும் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து முடித்தோம். பையன்கள் குறைவது ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை பாதி வரை, அதுவும் ஆறு, ஏழு, எட்டில்தான். இது நாங்கள் எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது பெண் பிள்ளைகள் விஷயம். மாதத்தில் இரண்டு முறை, இரண்டு மூன்று நாள், ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர்கள் எண்ணிக்கை சரிந்தது. என்ன நாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. சமையல் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அமாவாசை, பௌர்ணமி டீச்சர், தண்ணி வத்துற நாளு. அம்மாக்காரி கடல்பாசி எடுக்கப் போயிருப்பா, இது வீட்டுல சின்னதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்" என்றார். வருஷக்கணக்கில் பையன்களைப் பற்றியே கூட்டத்தில் கத்திக்கொண்டிருந்தோம். இந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் வாயே திறந்ததில்லை, ஏனென்றால் அவர்கள் மூன்றாம் நாள் திரும்பி வந்து அமைதியாக உட்கார்ந்துகொள்வார்கள். அங்கன்வாடி அம்மாவிடம் பேசி, அந்த நாட்களில் கொஞ்சம் சீக்கிரமாகத் திறக்கச் சொன்னோம். ஒரு அரசாணையும் தேவைப்படவில்லை.

உங்கள் பள்ளியிலும் இந்த அட்டையைப் போடச் சொல்லுங்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அதே கல்வி உரிமைச் சட்டம்தான். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அட்டை சுவரில் தொங்கினால், "நீங்கள் அனுப்புவதில்லை" என்று சார் சொல்ல மாட்டார், "ஏழாம் வகுப்பில் ஜூன் 17-லிருந்து ஒன்பது பேர் இல்லை" என்று சொல்வார். அப்போது நீங்களும் கோபப்படாமல் பதில் சொல்ல முடியும்.

சனிக்கிழமை விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான் அதிகம். ஆனால் ஆசிரியர்கள் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். பரமக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பஸ் பிடித்துப் பாம்பன் பாலம் தாண்டி வருகிறார்கள். வந்தால் 34 பேர் வகுப்பில் 11 பேர் இருப்பார்கள். நடத்திய பாடத்தைத் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கும் கசப்புதான். அந்தக் கசப்புதான் கூட்டத்தில் அப்படி வார்த்தையாக வெளியே வந்திருக்கும். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கோ உத்தரகோசமங்கை கோயில் ஆருத்ராவுக்கோ உள்ளூர் விடுமுறை விடும்போது, ஈடு செய்யும் சனிக்கிழமை எது என்று ஆட்சியர் அறிவிப்பிலேயே வந்துவிடும், அதை மாற்ற முடியாது. மழை லீவுக்கு ஈடு செய்வதை மட்டும், ஜனவரி பிப்ரவரியில் நான்கு சனிக்கிழமை வரிசையாக வைக்காமல், மாதத்துக்கு ஒன்று என்று பரப்பி வைக்கும்படி தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். நம் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் கிழமை பிரித்துத்தான் கடலுக்குப் போகின்றன. உங்கள் ஊரில் எந்தக் காலையில் படகு கரைக்கு வரும், எந்தக் காலையில் வீடு ஆளில்லாமல் கிடக்கும் என்பது பரமக்குடியிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அதைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று பதினைந்து நாளுக்கு முன்னால் தெரிந்தால் உங்களுக்கும் பாதிச் சங்கடம் தீரும்.

சரி, அடுத்த கூட்டத்தில் என்ன செய்வது? எழுந்து போனவர்களை நீங்கள் வீடு வீடாகப் போய்த்தான் அழைக்க வேண்டும், வேறு வழி இல்லை. அந்த சாரிடமும் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள். கூட்டத்தில் வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டாம், அட்டை போடும் வேலையில் அவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு தீர்மானம் போதும். சனிக்கிழமையைப் பரப்பி வைப்பது ஒன்று. புதிய கல்வியாண்டின் முதல் பெற்றோர் கூட்டத்தைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, ஜூன் 10-க்குள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைப்பது இன்னொன்று. பகலில் வைத்தால் வர மாட்டார்கள். படகுக்குப் பெயின்ட், எஞ்சின் வேலை, வலை கோர்ப்பது என்று எல்லோரும் ஜெட்டியில் இருப்பார்கள். 10-க்கு மேல் போனால் அவர்கள் மனசு கடலுக்குப் போய்விடும். ஆசிரியர்களுக்கு அந்த ஒரு நாள் கடைசி பஸ் கஷ்டம் வரும். ஊரிலிருந்து யாராவது ஒரு வண்டியில் கொண்டுபோய் விட்டால் அதையே அவர்கள் வருஷம் முழுக்க நினைத்திருப்பார்கள்.

நாட்காட்டி உரிமையைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டும் என்றால், அதற்கும் இடம் இருக்கிறது. மே 1 கிராம சபை. தடைக்காலத்தின் நடுவில் வருவதால் ஆண்களும் ஊரில் இருப்பார்கள். கடலோரப் பள்ளிகளின் நாட்காட்டியைத் தடைக்காலத்தையும் வாடையையும் பார்த்துத் தனியாக வகுக்க வேண்டும் என்று 9-ஆம் பிரிவைச் சொல்லி ஒரு தீர்மானம் போடுங்கள். இந்த வருஷமே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சாயல்குடிப் பக்கம் பதநீர் காலத்தில் குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் போகிறவர்கள், வாலிநோக்கம் உப்பளத்துப் பெற்றோர்கள், அவர்களுக்கும் இதே குறைதான், மாதம்தான் வேறு. நாலு ஊர்த் தீர்மானம் ஒன்றாகப் போனால் மாவட்டத்தில் படித்துப் பார்ப்பார்கள்.

கடைசியாக உங்கள் மகன். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம், அதை அவன் அப்பாவிடம் சொல்லி வையுங்கள். அவனிடம் சட்டம் பேசாதீர்கள். கடல் மோசம், அந்தத் தொழில் வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். அவன் சோறு அந்தக் கடலிலிருந்து வருகிறது, அப்பாவின் தொழிலைத் தாழ்த்திப் பேசினால் அவன் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டான். இந்தத் தடைக்காலத்தில் அப்பா படகு வேலைக்குப் போகும்போது அவனும் கூடப் போய் வேடிக்கை பார்க்கட்டும். வலையில் கண் எண்ணட்டும், ஜி.பி.எஸ். பெட்டியில் எண்களை எப்படிப் படிப்பது என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பள்ளி திறந்ததும் அதைக் கணக்கு ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், கூட்டத்துக்கு முன்னால், உங்கள் வீட்டுக்காரர் அவனோடு வகுப்பறை வரைக்கும் நடந்து வரட்டும். வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, "தடை முடிஞ்சதும் நான் கடலுக்குப் போயிருவேன் சார், இவன் இங்கதான் இருப்பான்" என்று மகன் காதுபடச் சொல்லட்டும். 15-ஆம் தேதிக்கு அப்புறம் இரண்டு வாரம் அவன் ஒரு நாள்கூட விடாமல் போனானா என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் கூட்டம் என்றைக்கு என்றும் சொல்லுங்கள். அந்த அட்டையில் கட்டம் போட நானும் வருகிறேன்.